வீணாகலாமா பால்தெளிவு?

உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு என்ற இடத்தை 1998 முதல் இந்தியா தக்கவைத்து வருகிறது. 2023-24-ஆம் ஆண்டில் நாட்டின் பால் உற்பத்தி ஏறத்தாழ 23.9 கோடி டன். இதில் ஒரு பகுதி பாலாகவே விற்பனையாகிறது. எஞ்சியது தயிர், நெய், பாலாடைக்கட்டி, பனீர் என வடிவம் மாறுகிறது. வடிவம் மாறும்போது மதிப்பு கூடுகிறது என்று பொருளியல் பாடநூல்கள் சொல்கின்றன. மதிப்பு கூடும் அதே இடத்தில் ஒரு கழிவும் பிறக்கிறது என்பதை அவை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

பாலைத் திரியவைத்துப் பனீரையோ பாலாடைக்கட்டியையோ பிரித்தெடுத்த பிறகு, இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு நீர் எஞ்சும். பால் தொழிலில் இதை 'வே' என்கிறார்கள். தமிழில் 'பால்தெளிவு' எனலாம். ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் பால்தெளிவு பிரிகிறது. பசும்பாலில் ஒரு கிலோ பனீர் எடுத்தால் 5 லிட்டருக்கு மேல் பிரிகிறது. ஆக, விற்கும் பொருளைப்போலப் பல மடங்கு எடையுள்ள ஒரு திரவத்தை அன்றாடம் எங்கேயாவது அனுப்பியாக வேண்டும். எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி.

ஓர் எளிய கணக்கு

நாளொன்றுக்கு 10,000 லிட்டர் பசும்பாலைப் பனீராக்கும் ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,500 கிலோ பனீர் கிடைக்கும்; 8,500 லிட்டர் பால்தெளிவு எஞ்சும். பார்வைக்கு அது கலங்கிய தண்ணீர்தான். ஆனால் அதில் சற்றேறக்குறைய 400 கிலோ பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், கரைந்திருக்கிறது. கூடவே சிறிது புரதம், கால்சியம், பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற தாதுக்கள், திரியவைக்கச் சேர்த்த அமிலம் ஆகியவையும் உண்டு.

இந்த நீர் ஓடையில் கலந்தால், அதிலுள்ள சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை உறிஞ்சித் தீர்க்கும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். இந்தச் சுமையை 'உயிரிவேதி ஆக்சிஜன் தேவை' என்ற அளவீட்டால் கணிக்கிறார்கள். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் பொது வரையறை. பால்தெளிவில் இது 30,000 மில்லிகிராமைத் தாண்டும். அதாவது ஆயிரம் மடங்கு. நாம் எடுத்துக்கொண்ட ஆலையின் ஒரு நாள் பால்தெளிவு, சுமார் 5,000 பேர் வாழும் ஒரு சிற்றூரின் ஒரு நாள் சாக்கடைக்கு நிகரான சுமையை ஆற்றின் மீது ஏற்றுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு வெறும் பாடநூல் கணக்கன்று. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி பெரிதும் வேளாண்மையையும் கால்நடையையும் நம்பியிருப்பது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்குகிறது. பின்னர் மணிமுக்தாவுடன் சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. மலையடிவாரத்தில் ஆற்றில் விடுவது அடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் குறைந்தே கிடக்கும் இந்த ஆறுகளில் கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யும் அளவுக்குத் தண்ணீரும் இருப்பதில்லை.

கழிவு என்பது ஒரு பொருளின் நிரந்தர குணமன்று. அது ஒரு காலகட்டத்தின் மதிப்பீடு. இதே மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலையின் 'கழிவுப்பாகு' தன் பெயரிலேயே கழிவைச் சுமந்துகொண்டு, இன்று எரிசாராயத்தின் மூலப்பொருளாக விலை போகிறது. மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்த பின் மிஞ்சும் திப்பி, மாட்டுத் தீவனமாகிறது. பால்தெளிவுக்கும் உலகின் பல பகுதிகளில் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் பெரும் விலைக்கு விற்கும் 'வே புரத' மாவு அதிலிருந்து வருவதுதான். அதில் கணிசமான பகுதியை நாம் இறக்குமதி செய்கிறோம். குஜராத்தின் அமுல் கூட்டுறவு இன்று வே புரதத்தைத் தன் பெயரிலேயே விற்கிறது. இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கிய கருவி ஒன்றுண்டு: சவ்வு.

சல்லடைக்குள் ஒரு சல்லடை

நம் வீடுகளில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவிக்குள் இருப்பதும் ஒரு சவ்வுதான். கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களில் இருப்பதும் அதுவே. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வை, தொழிலுக்குப் பயன்படும் வேகத்தில் இயங்கும் வகையில் முதன்முதலில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்கரான சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய அவ்விஞ்ஞானி, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1950-களின் இறுதியில் லோப்புடன் சேர்ந்து செய்த பணியே இன்றைய சவ்வுத் தொழிலின் அடித்தளம். 1970-களில் இத்தொழில்நுட்பம் பால்தெளிவுக்கு வந்தது.

சவ்வுகள் துளையின் அளவால் வேறுபடுகின்றன. கொழுப்புத் துளிகளையும் பாக்டீரியாவையும் மட்டும் தடுப்பது ஒரு வகை. புரதத்தைத் தடுத்துச் சர்க்கரையையும் தாதுவையும் போகவிடுவது 'அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்'. இதன் துளை ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அளவு, நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. சர்க்கரையைத் தடுத்து, சில உப்புகளையும் அமிலத்தின் ஒரு பகுதியையும் நீருடன் வெளியேற்றுவது 'நானோ ஃபில்ட்ரேஷன்'. ஏறத்தாழ நீரை மட்டும் விடுவது ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு பரவல். பால்தெளிவைக் கொதிக்கவைத்துச் சுண்டச் செய்தால் எரிபொருள் செலவு கூடும். வெப்பத்தில் புரதமும் கெடும். சவ்வோ வெறும் அழுத்தத்தாலேயே நீரைப் பிரித்துவிடுகிறது. கேட்பதற்கு இது மிக எளிய தீர்வாகத் தோன்றும். சிக்கல், இயந்திரத்தை இயக்கிய முதல் மணி நேரத்திலேயே தொடங்குகிறது.

படிவு என்னும் பகை

சவ்வு தடுத்து நிறுத்துவது எதுவோ, அது சவ்வின் முகத்திலேயே வந்து குவியும். புரத மூலக்கூறுகள் மேற்பரப்பில் நெருங்கி, ஒரு கூழ்ப்படலமாக மாறும். அதன் பிறகு நீர் முதலில் அந்தப் படலத்தைக் கடந்தாக வேண்டும். சவ்வையும் கடக்க வேண்டும். சில மூலக்கூறுகள் துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது பகை, கால்சியம் பாஸ்பேட். சர்க்கரை வெந்நீரில் நன்கு கரையும். இந்த உப்போ அதற்கு நேர்மாறானது. சூடு ஏற ஏறக் கரையாமல் படியும்; நீரின் அமிலத்தன்மை குறைந்தாலும் படியும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்வது இதே புரதமும் இதே கால்சியமும் சேர்ந்த கூட்டணிதான். இல்லத்தரசிகள் அன்றாடம் தேங்காய் நாரால் தேய்த்துப் போக்கும் அந்தப் படிவை, தொட்டால் கிழியும் சவ்வின் மீது தேய்த்துப் போக்க முடியாது.

மூன்றாவது பகை உயிருள்ளது. சர்க்கரையும் புரதமும் கலந்த நீர் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை சவ்வில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு பசைப்படலத்தை உருவாக்கிக்கொள்ளும். எனவேதான் பால் ஆலைகள் சவ்வை ஒன்று 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த நிலையில் இயக்குகின்றன. அல்லது 50 டிகிரி அளவுக்குச் சூடான நிலையில் இயக்குகின்றன. இடைப்பட்ட மிதவெப்பம், நம் ஊரின் இயல்பான வெப்பம், நுண்ணுயிர்களுக்கே உகந்தது. குளிரூட்டினால் மின்சாரம் செலவாகும்; சூடாக்கினால் எரிபொருளும் செலவாகும், கால்சியமும் படியும். இரண்டு வழியிலும் விலை உண்டு.

இந்தப் படிவின் பொருளாதாரத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 1,000 லிட்டர் நீரைப் பிரிக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 25 லிட்டர் விடுமானால் 40 சதுர மீட்டர் போதும். படிவால் அது பாதியாகக் குறைந்தால் 80 சதுர மீட்டர் வேண்டும். அல்லது அதே வேலைக்கு இரு மடங்கு நேரம் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். விற்பனையாளரின் விளம்பரத் தாளில் இருப்பது புதுச் சவ்வின் வேகம். தொழில் செய்பவர் பெறுவது நான்கு மணி நேரம் ஓடிய சவ்வின் வேகம். பல திட்ட அறிக்கைகள் முதலாவதை வைத்தே எழுதப்படுகின்றன.

படிவை அகற்ற அன்றாடம் கழுவ வேண்டும். புரதத்துக்குக் காஸ்டிக் சோடா, தாதுவுக்கு அமிலம், சில நேரம் நொதி கலந்த சலவைக் கரைசல், ஒவ்வொன்றுக்கும் இடையே நல்ல தண்ணீர். இதற்குச் சில மணி நேரம் ஆகும்; அந்த நேரத்தில் உற்பத்தி இல்லை. கழுவிய நீரும் கழிவுநீரே. கழுவுதல் குறைந்தால் ஓட்டம் குறையும்; கடுமையாகக் கழுவினால் சவ்வின் ஆயுள் குறையும். ஆர்.ஓ. சவ்வுகளில் பெரும்பாலானவை குளோரினைத் தாங்குவதில்லை. தெரியாமல் பிளீச்சிங் கரைசலை ஊற்றிய ஒரு தொழிலாளியின் ஒரு நாள் தவறு, பல ஆண்டு உழைக்க வேண்டிய சவ்வைப் பாழாக்கிவிடும். எனவே சவ்வின் உண்மையான விலை அதை வாங்கும்போது கொடுக்கும் விலையன்று. தண்ணீர், ரசாயனம், மின்சாரம், நின்ற நேரம், பயிற்சி பெற்ற ஊழியரின் ஊதியம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அதன் விலை.

நம் பால்தெளிவு வேறு

இங்கே, திட்டமிடுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் பேசப்படும் பால்தெளிவு, பாலாடைக்கட்டியிலிருந்து வருவது. அங்கே பாலை மிதமான வெப்பத்தில் பதப்படுத்தி, ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்து உறையவைக்கிறார்கள். பால்தெளிவுக்குரிய புரதங்கள் சிதையாமல் நீரிலேயே தங்கிவிடுகின்றன.

நம்முடையது பனீர். பாலை 90 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, பிறகு சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்கிறோம். அந்தச் சூட்டில் பால்தெளிவுப் புரதத்தின் பெரும்பகுதி உருக்குலைந்து, பனீரோடு ஒட்டிக்கொள்கிறது. இது நுகர்வோருக்கு நல்லது; பனீரின் எடையும் கூடும். ஆனால் எஞ்சும் நீரில் புரதம் குறைவு. பாலாடைக்கட்டியின் பால்தெளிவில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். அமிலமும் கரைந்த கால்சியமும் அதிகம். அதாவது, விலை போகும் பொருள் குறைவு. சவ்வை அடைக்கும் பொருள் அதிகம். அமிலம் மிகுந்திருப்பதால் உலர்த்தித் தூளாக்கும்போதும் பிசுபிசுத்து ஒட்டும்.

எனவே, வே புரத மாவின் சந்தை விலையை வைத்து ஒரு பனீர் ஆலையின் லாபத்தைக் கணக்கிடுவது, கரும்பின் விலையை வைத்துச் சக்கையை விற்பதற்கு ஒப்பாகும். நம் பால்தெளிவின் செல்வம் அதிலுள்ள சர்க்கரையும் தாதுவும். அதற்குப் பொருத்தமான சவ்வும் வேறு. நானோ ஃபில்ட்ரேஷன் மூலம் நீரையும் சிறிது அமிலத்தையும் வெளியேற்றி, பால்தெளிவை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டால், டேங்கர் லாரியில் கொண்டுசெல்லும் செலவும் நான்கில் ஒரு பங்காகும். அதன் பிறகு பெரிய ஆலை ஒன்றில் உலர்த்திக்கொள்ளலாம்.

திருப்பூர் சொல்லும் பாடம்

சவ்வை வாங்குவதும் அதை இயக்கிக்காட்டுவதும் வேறு வேறு என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. நொய்யலைச் சாயக்கழிவு கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறிய பிறகு, சாயப்பட்டறைகள் ஒரு துளிக் கழிவையும் வெளியேற்றக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வுகள் வந்தன. ஆனால் சவ்வு ஒரு முனையில் நல்ல நீரைத் தந்தால், மறுமுனையில் செறிவான உப்புக்கழிவைத் தரும். சவ்வுகள் அடைபட்டன, செறிவுக் கழிவைக் காய்ச்சி வற்றவைக்கும் செலவு ஏறியது. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அரசின் வட்டியில்லாக் கடனும், மேம்பட்ட தொழில்நுட்பமும், செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வந்த பிறகே தொழில் மீண்டது.

இதில் பொருளியல் மாணவர்க்குரிய பாடங்கள் இரண்டு. ஒன்று, தனித்தனிச் சிறு பட்டறைகளால் சவ்வைப் பராமரிக்க முடியாது. அது பொதுவில் மட்டுமே கட்டுப்படியாகும். இரண்டு, முதலீட்டுக்குப் பணம் கிடைப்பது எளிது. பராமரிப்புக்குக் கிடைப்பது அரிது. நம் ஊராட்சிகளில் திறப்பு விழாக் கண்ட எத்தனையோ குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஒரு சவ்வை மாற்ற நிதியில்லாமல் பூட்டிக் கிடப்பதை நாம் பார்க்கிறோம். கருவி வாங்க மானியம் உண்டு. அதைக் கழுவ மானியம் இல்லை.

கள்ளக்குறிச்சிக்கு என்ன வழி?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதையடுத்து, கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்க்கை மேம்பாடு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாற்று வாழ்வாதாரம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கறவை மாடு வழங்குவது முதல் யோசனையாக வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பால், குளிரூட்டப்படாமல் மலைப்பாதையில் பயணம் செய்தால் புளித்துவிடும்; புளித்த பாலுக்கு விலையில்லை. அருகிலேயே பனீராக மாற்றினால் விலை உண்டு. அப்படி மாற்றினால் பால்தெளிவு ஆற்றுக்கு வரும். ஒரு கண்ணியை மட்டும் திட்டமிட்டுவிட்டு, அடுத்த கண்ணியை மறப்பது நம் வழக்கமாகிவிட்டது.

முதலாவதாக, சிறு பனீர்ப் பட்டறைகளுக்குச் சவ்வு தேவையில்லை. முதல் நாள் பால்தெளிவைப் புளிக்கவைத்து, மறுநாள் பாலைத் திரிக்கப் பயன்படுத்தும் முறை பழையது. அதில் சிட்ரிக் அமிலமும் மிச்சமாகும். அளவோடு பழக்கினால் மாடுகளுக்கும் கொடுக்கலாம். எஞ்சியதைச் சாண எரிவாயுக் கலனில் சேர்க்கலாம். சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் பலவும் மாவுக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து, தம் எரிபொருள் செலவைக் குறைத்திருப்பது கண்முன் உள்ள சான்று. கர்னாலில் உள்ள தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனம், பால்தெளிவிலிருந்து பானங்கள் தயாரிக்கும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருக்கிறது.

இரண்டாவதாக, பெரிய அளவில் பனீர் தயாரிக்கும் கூட்டுறவு, தனியார் ஆலைகளின் பால்தெளிவைச் சேர்த்துச் சுருக்கும் ஒரு பொது நிலையம் வேண்டும். ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் 1981-இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, விற்பனையை ஒருங்கிணைத்தார்கள். கழிவையும் அவ்வாறு ஒருங்கிணைக்க முடியாதா? அந்நிலையம் பெறும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு சிறு தொகையைச் சவ்வு மாற்றும் நிதியாகத் தனியே ஒதுக்குவதை விதியாக்க வேண்டும். அரசின் மானியத்திலும் ஒரு பகுதியைத் திறப்பு விழாவன்று தராமல், மூன்றாம் ஆண்டிலும் சவ்வு ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே தர வேண்டும்.

மூன்றாவதாக, எந்தச் சவ்வு, எந்த வெப்பநிலை, எத்தனை மணிக்கு ஒருமுறை கழுவுவது என்பவற்றை நம் பால்தெளிவை வைத்தே சோதித்து முடிவு செய்ய வேண்டும். நம் பாலும் வேறு, நம் தண்ணீரின் கடினத்தன்மையும் வேறு. சேலம் - கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் எல்லையில், தலைவாசல் கூட்டுரோட்டில் பெரும் பொருட்செலவில் கால்நடை மற்றும் விலங்கின அறிவியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்திருக்கிறது. ஒரு சிறு சோதனைக் கலனை வைத்து ஓராண்டு முழுவதும், கோடையிலும் மழையிலும், சவ்வில் என்ன படிகிறது என்று அங்கே கணக்கெடுக்கலாம். பெரிய முதலீட்டுக்கு முன் செய்ய வேண்டிய சிறு செலவு அது.

நான்காவதாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் ஆலைகளிடம் பால்தெளிவுக்கெனத் தனிக் கணக்கு கேட்க வேண்டும். எத்தனை லிட்டர் பிரிந்தது, எத்தனை லிட்டர் எங்கே சென்றது என்ற பதிவேடு இருந்தாலே, சாக்கடையில் விடுவது பாதி குறைந்துவிடும்.

பாலின் விலை உயரவில்லை என்று உற்பத்தியாளர்கள் குமுறுகிறார்கள். பால் விலை உயர்கிறது என்று நுகர்வோர் வருந்துகிறார்கள். இருவருக்கும் இடையே, மாடு தின்ற தீவனத்தில் உருவான சர்க்கரையும் தாதுவும் சாக்கடையில் போய்க்கொண்டிருக்கின்றன. அதை மீட்கும் கருவி நம்மிடம் இருக்கிறது. அக்கருவியை வாங்குவதோடு நின்றுவிடாமல், அன்றாடம் கழுவிப் பேணுவதற்கான பணமும் பயிற்சியும் பொறுப்பும் யாருடையவை என்பதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினால், கோமுகியும் தெளிவாக ஓடும். மலையிலிருந்து பால் கொண்டு இறங்குபவருக்கும் கூடுதலாகச் சில ரூபாய் கிடைக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).